முகப்பில் சேர்த்த வலைச் செயலிகள்: கதை முடிந்ததா?

17-02-2024, காலை (தொடக்கக் கேள்வி)

அண்ணே, ஐஓஎஸ் 17.4 பீட்டா (ஐபோன் மென்பொருளின் சோதனைப் பதிப்பு) போட்டவர்கள் பத்து நாளாகப் புலம்பியது உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் ஐபோன்களில், முகப்புத் திரையில் சேர்த்த பிடபிள்யூஏ (ஆப் போல நடந்துகொள்ளும் வலைத்தளம்) எல்லாம் இனி சாதாரண பிரவுசர் டேபாகத்தான் திறக்குமாம். பீட்டாவில் ஏதோ பிழை, சரியாகிவிடும் என்று நினைத்தோம். நேற்று முன்தினம் ஆப்பிளே தன் டெவலப்பர் பக்கத்தில் "ஆமாம், வேண்டுமென்றேதான்" என்கிற தொனியில் எழுதிவிட்டது. என் முடிவு: பிடபிள்யூஏ கதை முடிந்தது. புதிதாக எதையாவது தொடங்குபவர் நேரே நேட்டிவுக்கு, அதாவது போனுக்கென்றே எழுதும் ஆப்புக்கு, போய்விடலாம். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

17-02-2024, இரவு

முடியவில்லை தம்பி. ஆனால் உன் பயம் நியாயமானது. நீ பயப்படுகிற இடம்தான் தப்பு.

"டேபாகத் திறக்கும்" என்று சொன்னால் ஏதோ மேலே முகவரிப் பட்டை கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதானே என்று தோன்றும். பட்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். முகப்பில் சேர்த்த செயலிக்கு ஐபோன் தனியாக ஒரு சேமிப்பிடம் தருகிறது. அது ஐபோனின் பிரவுசரான சஃபாரியின் சேமிப்பிடம் அல்ல. டேபாக மாறினால் அந்தத் தனி அறை பூட்டப்படுகிறது. புஷ் நோட்டிஃபிகேஷன் போகிறது, ஐகான் மேல் வரும் எண் போகிறது. இரண்டும் 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4-இல்தான் வந்தன, அதுவும் முகப்பில் சேர்த்த செயலிக்கு மட்டும். ஐந்து வருடம் கேட்டு வாங்கியதை ஒரு வருடத்தில் திருப்பிக் கேட்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி மார்ச் 7-க்குள் வேறு பிரவுசர் எஞ்சின்களுக்கு (வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்து ஓட்டும் உட்பகுதி) இடம் கொடுக்க வேண்டும். இதுவரை முகப்புச் செயலிகள் எல்லாமே ஆப்பிளின் எஞ்சினான வெப்கிட்டின் மேல்தான் ஓடுகின்றன. ஒரு செயலியின் டேட்டாவை இன்னொன்று எட்டிப் பார்க்காமல் காப்பதும் அதே வெப்கிட்தான். வேறு எஞ்சின் வந்தால் அந்தக் காவலைப் புதிதாகக் கட்ட வேண்டும், முகப்புச் செயலிகளைப் பயன்படுத்துபவர்களோ குறைவு, எனவே கட்டுப்படியாகாது என்கிறார்கள்.

முதல் பாதியை ஏற்கிறேன். எஞ்சினுக்கு எஞ்சின் தனித்தனி வேலி போடுவது சின்ன வேலை இல்லை. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. பகிர்வுப் பொத்தானை அமுக்கி, பட்டியலைக் கீழே தள்ளி, "முகப்புத் திரையில் சேர்" என்ற வரியைத் தேடிப் பிடித்தால்தான் நிறுவ முடியும். "இதை நிறுவிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான் வைக்க டெவலப்பருக்கு அங்கே வழியே இல்லை. வாசலில் கோலம் போடக் கூடாது, விளக்கு வைக்கக் கூடாது, கதவும் கொல்லைப்புறம்தான். அப்புறம் யாரும் வரவில்லை என்றால்?

18-02-2024, காலை

நேற்று எழுதியதில் தனிச் சேமிப்பிடம் பற்றிப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

நான் பராமரிப்பது களப்பணியாளர்களுக்கான படிவச் செயலி. சிக்னல் இல்லாத இடத்தில் நின்று நிரப்புவார்கள். பதிவுகள் போனிலேயே, பிரவுசருக்குள் இருக்கும் இண்டெக்ஸ்ட் டிபி என்ற சேமிப்பில் தங்கும், சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகும். முதல் வெளியீட்டில் எல்லாரும் பிரவுசரிலேயே திறந்து பயன்படுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து "ஐகானாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்னும் வசதி" என்று நானே ஒரு பக்கம் படம் போட்டு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெண் போன் செய்தார். "சார், நீங்க சொன்ன மாதிரியே சேர்த்தேன். திறந்தா லாகின் கேக்குது. உள்ள போனா ஒண்ணுமே இல்ல. மூணு நாளா எழுதினது எல்லாம் போச்சு."

போகவில்லை. பிரவுசர் என்கிற அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஐகானைத் தட்டியபோது அவர் திறந்தது பக்கத்து அலமாரி. அதற்கு ஒரு சாவி, இதற்கு ஒரு சாவி, நடுவில் சுவர். பிரவுசரில் பழைய முகவரியைத் திறக்கச் சொன்னேன். பதினான்கு பதிவுகளும் இருந்தன. அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

தப்பு என்னுடையதுதான். சேர்க்கச் சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பிவிட்டதா என்று சரிபார்க்க ஒரு வரி கோடு போதும், அதை எழுதாமல் படம் வரைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வைத்ததுதான் இப்போதும் திரையின் உச்சியில் இருக்கும் "அனுப்பாதவை: 14" என்கிற பட்டை. பூஜ்யம் ஆனால்தான் பச்சையாகும்.

இப்போது 17.4-ஐ யோசித்துப் பார். அந்தப் பெண் மாட்டிக்கொண்ட அதே நிலை, திசை மட்டும் தலைகீழ். நேற்றுவரை ஐகான் அலமாரியில் எழுதியவர் காலையில் போன் அப்டேட் ஆகி எழுந்ததும் பிரவுசர் அலமாரி முன்னால் நிற்பார். என் பயனர்களில் சிலர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். பிடபிள்யூஏவின் எதிர்காலத்தை நினைத்துப் புரள்கிற ஆள் நான் இல்லை.

18-02-2024, மதியம்

"அப்படியானால் நேட்டிவ் எழுதியிருக்கலாமே" என்று மூன்று பேர் தனிச்செய்தி. எழுதியிருக்கலாம். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு திரை எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

20-02-2024

ஆண்ட்ராய்டில் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்டவருக்கு.

நிறுவும் விஷயத்தில் அங்கே வாழ்க்கை சுகம்தான், மறுக்கவில்லை. குரோமில் சேர்த்தால் கூகுளின் சர்வர் உங்கள் மேனிஃபெஸ்ட்டை (செயலியின் பெயர், ஐகான் முதலியவற்றைச் சொல்லும் கோப்பு) படித்து, சின்னதாக ஒரு வெப்ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு) தயாரித்து, கையெழுத்திட்டு அனுப்புகிறது. போனின் ஆப் பட்டியலில் மற்றவற்றோடு சேர்ந்து உட்காரும். நிறுவச் சொல்லும் பொத்தானை உங்கள் பக்கத்துக்குள்ளேயே வைக்கலாம். முன்பெல்லாம் சர்வீஸ் வொர்க்கர் (பக்கம் மூடியிருந்தாலும் பின்னணியில் எழுந்து வேலை செய்யும் ஸ்கிரிப்ட்) இருந்தால்தான் குரோம் நிறுவ விடும். அதற்காகவே ஒன்றும் செய்யாத பெட்ச் ஹேண்ட்லரை (வொர்க்கருக்குள் வலைக் கோரிக்கையைப் பிடிக்கும் பகுதி) ஒப்புக்கு எழுதி வைத்தவர்கள் ஊருக்கு நூறு பேர், அதில் நானும் ஒருவன். இப்போது அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். ஒரே அலமாரி என்பதால் பிரவுசரில் எழுதியது ஐகானிலும் தெரியும்.

ஆனால் "ப்ளே ஸ்டோரில் தேடினால் வரணும்" என்று வாடிக்கையாளர் கேட்கிற நொடியில் சுகம் முடிகிறது. அப்போது டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி என்கிற உறைக்குள் வலைச் செயலியைப் போட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டும். 2019 முதல் இருக்கிற வழி. தளமும் ஆப்பும் ஒரே ஆளுடையவைதான் என்று நிரூபிக்க, தளத்தில் அசெட்லிங்க்ஸ் ஜேசன் என்று ஒரு கோப்பு வைத்து அதில் ஆப்பின் கையெழுத்துச் சாவியினுடைய எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறியீடு) எழுத வேண்டும். பொருந்தினால் முழுத்திரை. பொருந்தாவிட்டால் உச்சியில் பிரவுசரின் முகவரிப் பட்டை தலைகாட்டும்.

நான் எழுதினேன். என் போனில் முழுத்திரை, அம்சமாக வந்தது. கடையில் ஏற்றினேன். அடுத்த நாள் எல்லாரிடமிருந்தும் ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றிலும் பட்டை. என் போனில் மட்டும் இல்லை. கேச்சை அழித்தேன், கோப்பின் மைம் டைப்பை மாற்றினேன், சான்றிதழைப் புதுப்பித்தேன், ஒரு முழு நாள் போச்சு. கடைசியில் பார்த்தால் கடையில் ஏற்ற நான் பயன்படுத்தியது ஒரு சாவி, பயனருக்குப் போகும் ஆப்பில் ப்ளே போடும் கையெழுத்து வேறு சாவி. என் போனில் இருந்தது நானே கட்டி ஏற்றியது. அவர்களிடம் இருந்தது கடை வழியாகப் போனது. ப்ளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டு கைரேகையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. நான் மேலே இருந்ததைப் பார்க்காமல் கீழே இருந்ததை நகல் எடுத்திருக்கிறேன். கோப்பில் இரண்டையும் எழுதி வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது, இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இதோடு வருடாந்திர வேலை ஒன்று: புதிய ஆண்ட்ராய்டின் ஏபிஐ அளவுக்கு (அந்தப் பதிப்புக்கான எண்) ஆப்பை உயர்த்தச் சொல்லி ஒவ்வொரு ஆகஸ்டும் கெடு வரும். உள்ளே இருப்பது வலைப்பக்கம், அதில் ஒரு எழுத்து மாறியிருக்காது. உறையை மட்டும் பிரித்து, எண்ணை மாற்றி, மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள் வெளியிடுவதற்கு முன் 20 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்கவும் வேண்டும். தம்பி, நேரே நேட்டிவுக்குப் போய்விடலாம் என்றாயே, உனக்கு 20 பேரைத் தெரியுமா?

20-02-2024, இரவு

மேலே எழுதியது ஆண்ட்ராய்டைத் திட்டுவது போல் ஆகிவிட்டது. சாவி விஷயத்தில் கண் தெரியாமல் போனது எனக்குத்தான். கையெழுத்துச் சாவியைக் கடையே வைத்துக்கொள்வதில் நன்மையும் உண்டு. ஏற்றும் சாவி தொலைந்தால் புதிதாக ஒன்று கேட்டு வாங்கலாம். பழைய முறையில் சாவி போனால் ஆப்பும் போச்சு.

24-02-2024

கிளைக்கதை, வேலை இல்லாதவர்கள் படிக்க.

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வரும் முன் ஸ்டீவ் ஜாப்ஸ் டெவலப்பர்களிடம் சொன்னது என்ன? தனி எஸ்டிகே (ஆப் எழுதும் கருவித் தொகுப்பு) கிடையாது, சஃபாரி இருக்கிறது, வலையிலேயே செயலி எழுதுங்கள். ஆப் ஸ்டோர் வந்தது 2008 ஜூலையில். அதாவது ஐபோனில் மூத்த பிள்ளை வலைச் செயலிதான். தம்பி பிறந்ததும் அண்ணனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொள்கை வலையை அடித்திருக்கிறது என்பது மாதிரியே, கொள்கை வலைக்கு ஆள் சேர்த்தும் விட்டிருக்கிறது. 2011-இல் சந்தாவை ஆப்புக்குள்ளேயே விற்க வேண்டும் என்ற ஆப்பிளின் விதி வந்தபோது பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை வலைச் செயலி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஐபோன், ஐபேட் ஆப்பைக் கைவிட்டது. வாசகர் யார் என்ற விவரம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. 2020-இல் ஸ்ட்ரீமிங் விளையாட்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆப்பாகச் சமர்ப்பிக்க வேண்டும் என்றார்கள். மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்கை 2021-இல் சஃபாரி வழியாக ஐபோனுக்குக் கொண்டுவந்தது. பிடபிள்யூஏ என்ற பெயரை பிரான்சஸ் பெரிமனும் அலெக்ஸ் ரசலும் 2015-இல் வைத்தார்கள். பெயர் வைப்பதற்கு நான்கு வருடம் முன்பே பிள்ளை வேலைக்குப் போய்விட்டது.

இதையும் சொல்ல வேண்டும்: இந்த இரண்டு உதாரணமும் பெரிய கை. சிறிய ஆள் கடையை விட்டு வந்தால் யாரும் தேடிக்கொண்டு பின்னால் வரமாட்டார்கள்.

02-03-2024

நேற்று ஆப்பிள் பின்வாங்கிவிட்டது. முகப்புச் செயலிகள் ஐரோப்பிய ஒன்றியத்திலும் முன்போலவே தொடரும், 17.4 வெளிவரும்போதே. ஓப்பன் வெப் அட்வகசி அமைப்பு திரட்டிய திறந்த மடல், ஐரோப்பிய ஆணையம் கேள்வி கேட்க ஆரம்பித்தது, எது வேலை செய்தது என்று அவரவர் கட்சிக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, கதை முடிந்தது என்றவரே, எங்கே காணோம்?

கொண்டாடுவதற்கு முன் அறிவிப்பை இரண்டாம் முறை படித்தேன். தொடரும் ஆதரவு வெப்கிட்டின் மேல் கட்டியது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வேறு எஞ்சினோடு ஒரு பிரவுசர் நாளைக்கு வந்தாலும், முகப்பில் சேர்த்த ஐகான் ஓடுவது வெப்கிட்டில்தான். சட்டம் கேட்டது எஞ்சின் சுதந்திரம். நமக்குத் திரும்பக் கிடைத்தது போன மாதம் வரை கையில் இருந்தது. எட்டணாவைப் பிடுங்கி நாலு ஆளை வைத்துச் சண்டை போட்ட பிறகு அதே எட்டணாவைக் கொடுத்தால் லாபமா?

இருந்தாலும் இன்று நன்றாகத் தூங்குவேன்.

07-03-2024

திருத்தம். வேறொரு பதிலில் "சஃபாரியில் ஏழு நாள் திறக்காவிட்டால் டேட்டா அழிந்துவிடும்" என்று எழுதியிருந்தேன். ஒருவர் தப்பு என்றார். அவர் சொன்னதுதான் சரி.

2020 மார்ச்சில், ஐஓஎஸ் 13.4 சமயத்தில் வந்த விதி இது. பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் போனில் எழுதி வைக்கும் சேமிப்பு அனைத்துக்கும் பொருந்தும்: லோக்கல் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ்ட் டிபி, சர்வீஸ் வொர்க்கர், அதன் கேச். எண்ணப்படுவது காலண்டர் நாள் இல்லை. சஃபாரியைப் பயன்படுத்திய நாட்கள் ஏழு ஆக வேண்டும், அந்த ஏழிலும் உங்கள் தளத்தை அவர் ஒருமுறைகூடத் தொட்டிருக்கக் கூடாது. விடுமுறையில் போனையே அணைத்து வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. விடுமுறையில் சஃபாரியில் தினமும் செய்தி படித்துக்கொண்டு உங்களை மட்டும் மறந்தவருக்குத்தான் ஆபத்து.

முகப்பில் சேர்த்த செயலிக்கு இந்தக் கணக்கு தனி. அதைத் திறக்கிற நாள்தான் அதற்கு நாள். திறந்தாலே தொட்டதாகிவிடும், எனவே ஏழு எட்டாது. நோக்கம் விளம்பரக் கண்காணிப்பாளர்களைத் தடுப்பது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கண்காணிப்பவனுக்கு விரித்த வலையில் படிவம் நிரப்புகிறவனும் விழுகிறான்.

வாயால் பேசிப் பிரயோஜனமில்லை என்று ஒரு பழைய ஐபோனில் சோதனை வைத்திருக்கிறேன். பிரவுசரில் ஒரு பதிவு, ஐகான் வழியாக ஒரு பதிவு. இரண்டிலும் ஒரே வாசகம்: "சோதனை, அழிக்காதே." விமானப் பயன்முறையில் வைத்து எழுதியதால் சர்வருக்குப் போகாது. மேலே பட்டை "அனுப்பாதவை: 1" என்கிறது. பார்ப்போம்.

29-04-2024

சோதனை முடிவு: இரண்டு பதிவும் இருக்கின்றன! ஏழு நாள் விதியே பொய்யோ என்று அரை மணி நேரம் குதித்தேன்.

29-04-2024, கொஞ்ச நேரம் கழித்து

அந்த போன் ஏழு வாரமாக மேசை டிராயரில் கிடந்தது. சஃபாரியை யார் பயன்படுத்தினார்கள்? டிராயரா? விதியை நானே மேலே எழுதிவிட்டு நானே மறந்திருக்கிறேன். குதித்ததைப் பார்த்தவர்கள் மறந்துவிடவும்.

இன்றிலிருந்து அந்த போனில் தினமும் காலையில் சஃபாரியில் எதையாவது படிக்கப் போகிறேன். விமானப் பயன்முறையை எடுத்துவிட்டேன். செயலியின் அனுப்பும் வேலையை அந்த போனுக்கு மட்டும் சர்வர் பக்கத்தில் மறுக்க வைத்திருக்கிறேன்.

11-05-2024

பிரவுசர் அலமாரி காலி. லாகின் கேட்கிறது, பட்டை பச்சையில் "அனுப்பாதவை: 0" என்கிறது. இந்தப் பச்சையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்லாம் அனுப்பியாச்சு என்பதும் எல்லாம் அழிஞ்சாச்சு என்பதும் என் செயலியில் ஒரே நிறம். சர்வரில் கடைசியாக வந்த பதிவின் வரிசை எண்ணையும் போனில் இருப்பதையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். இன்றே எழுதுகிறேன்.

ஐகான் அலமாரியில் "சோதனை, அழிக்காதே" இருக்கிறது.

14-12-2024

ப்ளேயில் 20 பேர் சோதனை விதி 12 பேராகக் குறைந்திருக்கிறது. 14 நாள் அப்படியே. தம்பி, இப்போதாவது தேறுமா?

14-12-2024 (தொடக்கக் கேள்வி கேட்டவரின் பதில்)

பதினொரு பேர் தேறிவிட்டார்கள் அண்ணே. நீங்கள் வந்தால் பன்னிரண்டு.

05-04-2025

நீண்ட நாள் கழித்து. புஷ் பற்றி யாரும் உருப்படியாக எழுதவில்லை.

இதுவரை நடப்பது இது. சர்வர் புஷ் அனுப்புகிறது, போன் சர்வீஸ் வொர்க்கரை எழுப்புகிறது, அது செய்தியைப் பிரித்து நோட்டிஃபிகேஷனைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சஃபாரி அதை வாக்கு மீறல் என்று எடுத்துக்கொண்டு சில தடவைக்குப் பிறகு சந்தாவையே ரத்து செய்துவிடும். சத்தமில்லாமல் பின்னணியில் எழுப்பி வேலை வாங்க இடமில்லை. நியாயமான விதிதான். ஆனால் என் வொர்க்கர் செய்தியைப் பிரிக்கும் முன் சர்வரிடம் ஒரு விவரம் கேட்கும். சிக்னல் இல்லாவிட்டால் அங்கேயே விழும், நோட்டிஃபிகேஷன் வராது. களப்பணியாளர்களின் சந்தாக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சர்வர் லாகில் 410. "இந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை" என்பதற்கான எண். ஐகானை அழித்தவர்கள் போலும் என்று நினைத்து வரிசையாக நீக்கிக்கொண்டே வந்தேன். ஐகானோடு முகப்பில் இருந்தவர்களையும் சேர்த்து.

இந்த வாரம் வந்த ஐஓஎஸ் 18.4-இல் டிக்ளரேடிவ் வெப் புஷ் என்று ஒன்று. காட்ட வேண்டிய தலைப்பு, வாசகம், தட்டினால் போக வேண்டிய முகவரி எல்லாம் செய்தியிலேயே ஜேசன் என்ற தரவு வடிவில் போகும், வொர்க்கர் எழாமலேயே போன் காட்டிவிடும். வொர்க்கர் எழுந்து வேறு மாதிரிக் காட்ட விரும்பினால் காட்டலாம், விழுந்தால் செய்தியில் இருப்பது காட்டப்படும். என் கோளாறுக்கு நேரடி மருந்து. ஒரு வருடமாக இங்கே இவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், நல்லதையும் எழுத வேண்டும் இல்லையா.

30-08-2025

ஆண்ட்ராய்டில் புதிதாக ஒன்று. அடுத்த வருடம் செப்டம்பரிலிருந்து, முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில், சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவும் ஆப் அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பருடையதாக இருக்க வேண்டும். கடைக்கு வெளியே ஏபிகேயாக (ஆப் கோப்பாக) நேரடியாகக் கொடுத்தாலும் இதே விதி. அப்புறம் மற்ற நாடுகள்.

"பிடபிள்யூஏவுக்குப் பொற்காலம்" என்று ஏற்கெனவே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். மெதுவாகப் போகலாம். பிரவுசர் முகவரியைத் திறக்க யாரும் என் அடையாள அட்டையைக் கேட்கப்போவதில்லை, அது உண்மை. ஆனால் கடைக்கு வெளியே ஏபிகே கொடுக்கிறவர்களில் பலர் வலையால் முடியாததற்காகத்தான் அங்கே போகிறார்கள்: பின்னணியில் ஓடுவது, புளூடூத் கருவியோடு நாள் முழுக்கப் பேசுவது. அவர்களுக்கு வலை பதில் ஆகாது. நான் களப்பணியாளர்களுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த உறை ஏபிகே ஒன்று இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு முகவரியை மட்டும் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு ஆகும் கணக்கு எல்லாருக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

21-09-2025

ஐஓஎஸ் 26 வந்துவிட்டது. முகப்பில் எந்தத் தளத்தைச் சேர்த்தாலும் வலைச் செயலியாகவே திறக்கும், மேனிஃபெஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேண்டாம் என்றால் சேர்க்கும்போது பயனர் அந்தப் பொத்தானை அணைக்கலாம். ஒன்றரை வருடம் முன்பு "பயன்படுத்துவோர் குறைவு, கட்டுப்படியாகாது" என்று ஒரு கண்டத்தில் எடுக்கப் பார்த்தது இப்போது எல்லா நாட்டிலும் இயல்புநிலை.

மகிழ்ச்சியோடு என் உதவிப் பக்கத்தைச் சேர்த்துப் பார்த்தேன். அது பத்து வருடப் பழைய வெறும் எச்டிஎம்எல், மேனிஃபெஸ்ட் கிடையாது. செயலியாகத் திறந்தது. உள்ளே ஒரு இணைப்பைத் தட்டினேன். அடுத்த பக்கம் வந்தது. திரும்பிப் போக பக்கத்தில் எந்தப் பொத்தானும் இல்லை, ஏனென்றால் பிரவுசரில் இருக்கிறதே என்று நான் வைக்கவே இல்லை. விரலால் ஓரத்திலிருந்து இழுக்கத் தெரிந்தவர் தப்பித்தார். மற்றவர்கள் மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள். தளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் தளத்தை ஒருமுறை முகப்பில் சேர்த்து, பட்டை இல்லாமல் நடந்து பாருங்கள். எனக்கு ஆறு பக்கத்தில் "முகப்புக்கு" இணைப்பு வைக்க வேண்டியிருந்தது.

பகிர்வு மெனுவைத் தேடிப் போகும் தூரம் மட்டும் குறையவில்லை. கதவு தேக்கு, கொல்லைப்புறம் அதே.

20-12-2025

ஜப்பானில் ஸ்மார்ட்போன் போட்டிச் சட்டம் 18-ஆம் தேதி முழுதாக நடைமுறைக்கு வந்தது. ஐஓஎஸ் 26.2-இல் அங்கேயும் வேறு பிரவுசர் எஞ்சினுக்கு அனுமதி. ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்ததும் எஞ்சின்கள் வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு பிரவுசரைக் கட்டிப் பராமரிக்க வேண்டும் என்றால் எந்த நிறுவனமும் இரண்டு முறை யோசிக்கும். எனவே இந்த முறை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

தம்பி கேட்டது: "கடைசியில் நான் நேட்டிவ் எழுதினேன், நீங்கள் வலையிலேயே நின்றீர்கள், யார் சொன்னது சரி?" உன் ஆப்பில் புளூடூத் தராசு இருக்கிறது, ஐபோன் சஃபாரியில் வெப் புளூடூத் (வலைப்பக்கம் புளூடூத் கருவியோடு பேசும் வசதி) இல்லை. நீ போனது சரி. என்னுடையதில் படிவம்தான், நான் நின்றது சரி. 2024 பிப்ரவரியில் நாம் இரண்டு பேரும் வேறு எதையோ பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

பழைய ஐபோனை இன்று சார்ஜ் போட்டேன். பாட்டரி வீங்க ஆரம்பித்துவிட்டது, திரை ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கி நிற்கிறது. ஐகானைத் தட்டினேன். "அனுப்பாதவை: 1." உள்ளே "சோதனை, அழிக்காதே", 07-03-2024. சர்வரில் அந்த போனுக்கு வைத்திருந்த தடையை எடுத்தேன். இரண்டு நொடி, பட்டை பச்சையானது. சர்வரில் போய்ப் பார்த்தேன், பதிவு வந்திருக்கிறது. போனை அணைத்துவிட்டேன்.